உப்புவெளியில் ஆள் வராத சீசன்

எங்கள் கெஸ்ட் ஹவுஸில் கறுப்பு மட்டை போட்ட ஒரு பெரிய கொப்பி இருக்கிறது. வருகிறவர்களின் பெயர், நாடு, பாஸ்போர்ட் இலக்கம், வந்த திகதி, போன திகதி எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவோம். நான்கே அறை உள்ள வீடு. ஆனாலும் 2018 ஜூலை மாதத்துக்கு மட்டும் மூன்றரைப் பக்கம் போயிருக்கிறது. 2022 ஜூலைக்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் ஒரே அறைக்கு வந்த கணவனும் மனைவியும்.

போன கிழமை அலுமாரி ஒதுக்கும்போது அந்தக் கொப்பி கைக்கு வந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். இலங்கை வங்குரோத்து ஆன கதை என்றால் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் சனம் குதித்த வீடியோதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில், நான்கு அறை வீட்டில் அது எப்படி வந்து இறங்கியது என்பதை யாரும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் எழுதி வைக்கிறேன்.

கிழக்குக் கரைக்கு சீசன் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக் காற்று ஓய்ந்து, கடல் தகடு மாதிரிக் கிடக்கும் மாதங்கள். அதே நேரம் காலி, மிரிஸ்ஸ பக்கம் மழையும் கொந்தளிப்பும். ஆகவே தெற்கில் நிற்கிற வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் ஏறி வருவார்கள். புறாமலைத் தீவுக்குப் போட்டில் போய்ப் பவளப்பாறை பார்ப்பார்கள், விடியற்காலையில் திமிங்கிலம் தேடிப் போவார்கள், பின்னேரம் கோணேஸ்வரம், மறுநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். மூன்று நாள் கழிந்துவிடும். வருடத்தில் இந்த ஐந்து மாதம் உழைத்ததை வைத்து மற்ற ஏழு மாதமும் சீவிக்க வேண்டும். 2022 இல் நாடு கையை விரித்தது சரியாக இந்த ஐந்து மாதத்தில்தான்.

அதற்கு முன்னரே அடிமேல் அடி வாங்கியிருந்தோம். 2018 இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த சீசன் அதோடு சரி. பிறகு கொரோனா. 2021 முழு வருடத்திலும் வந்தவர்கள் 2 லட்சத்தைத் தொடவில்லை. 2022 பிறந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. மார்ச்சில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தபோது, என் இரண்டு காப்பையும் அடகு வைத்து அறைகளுக்குப் பெயின்ட் அடித்தேன், புது நுளம்பு வலை வாங்கினேன். மே மாதம் எங்கள் சீசன் தொடங்கும்போது நாட்டுக்கு வந்தவர்கள் 30 ஆயிரம் சொச்சம்.

உண்மையில் நெருக்கடி எங்கள் வீட்டுக்கு வந்தது மேயில் அல்ல. அது 2021 கடைசியில் கேஸ் சிலிண்டரின் வழியாக வந்தது. நவம்பர், டிசம்பரில் ஊர் ஊராக கேஸ் அடுப்புகள் வெடித்தன. சிலிண்டருக்குள் இருக்கிற வாயுக்களின் அளவை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அம்மா சவர்க்கார நுரையைக் குழாயில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். ஒக்டோபர் வரை 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் ஒரேயடியாக 2,700 ரூபாய்க்குக் கிட்ட ஏறியது. 2022 ஏப்ரலில் 4,860. விலை ஏறினதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காசைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் சிலிண்டர் இல்லை. வெறும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்காக அந்தச் சிலிண்டர்களே கியூவில் நிற்கும்.

மார்ச்சில் அம்மா பின் முற்றத்தில் மூன்று கல் வைத்து, மண் குழைத்து அடுப்புக் கட்டினார். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பிள்ளை வளர்த்தவர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் வைத்து விளக்குக் கொளுத்தினது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டது, எல்லாம் அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. "உங்களுக்குத்தான் இது புதுசு" என்றார். அதை நக்கலாகச் சொல்லவில்லை. கொழும்பிலும் குருநாகலிலும் உள்ள சனத்துக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். கறன்ட் இல்லாத வீட்டில் குழந்தையை எப்படித் தூங்கவைப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று கேட்டார்.

கறன்ட். மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் வெட்டினார்கள். எத்தனை மணித்தியாலம் என்பதைச் செய்தியில் எல்லாரும் படித்தார்கள், ஆனால் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குக் கறன்ட் இல்லை என்றால் முதலில் போவது வெளிச்சம் அல்ல, தண்ணீர். கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஏற்றுகிற மோட்டார் நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்குக் கறன்ட் வரும் என்று அட்டவணையில் போட்டிருந்தால், ஒன்றே முக்காலுக்கு எழும்பிக் காத்திருந்து மோட்டாரைப் போட வேண்டும். தூங்கிப்போனால் அடுத்த நாள் விருந்தினருக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. பிரிட்ஜில் மீன் வைக்க ஏலாது. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே முடிக்க வேண்டும். மே மாத வெயிலில் மின்விசிறி நின்ற அறைக்குள் ஐரோப்பாவில் இருந்து வந்த ஒருவர் எப்படிப் படுப்பார்? வராந்தாவில் பாய் விரித்து நுளம்பு வலை கட்டிக் கொடுத்தேன். ஒரு பெண் பிள்ளை அதை விரும்பி, நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்கியதாகக் காலையில் சொன்னார். மற்றவர்கள் ஒரு இரவோடு கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சரி, இது எல்லாவற்றுக்கும் மூலம் டொலர். பத்திரிகையில் பொருளியல்காரர்கள் எழுதுவதை நான் எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். 2007 இல் முதல் தடவையாக இலங்கை 50 கோடி டொலருக்கு சர்வதேச பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்றுக் கடன் வாங்கியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அந்தக் காசிலும் சீனக் கடனிலும் பெரிய பெரிய கட்டுமானங்கள் எழும்பின. சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்குவார்கள் என்று மத்தளையில் ஒரு விமான நிலையம் கட்டினார்கள். விமானம் வராமல் ஒரு கட்டத்தில் அங்கே நெல் மூட்டை அடுக்கி வைத்தார்கள். 2019 கடைசியில் புது ஆட்சி வந்ததும் வற் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாகக் குறைத்தது. அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. 2019 கடைசியில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு, 2022 மே தொடக்கத்தில் எடுத்துச் செலவழிக்கக்கூடியதாக 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதி அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார்.

எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிற திகதி ஒன்று உண்டு. 2022 ஜனவரி 18. கேஸ் இல்லை, பால்மா இல்லை, மருந்துக் கடையில் மருந்து இல்லை. அன்றைக்கு ஒரு பிணைமுறிக்காக 50 கோடி டொலரைக் கட்டினார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினோம் என்று பெருமைப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 12 அன்று, இனி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தார்கள். மே மாதம், சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நாடு தவணை தவறியது. ஏப்ரலில் சொன்னதை ஜனவரியில் சொல்லியிருந்தால் அந்த 50 கோடியில் எத்தனை கப்பல் பெற்றோலும் மருந்தும் வந்திருக்கும்!

ரூபாயின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வங்கியில் டொலருக்கு 203 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அதைவிட நாற்பது, ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்கள். அதனால் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வங்கியை விட்டு, ஆள் மூலம் கைமாற்றுகிற உண்டியல் முறையில் அனுப்பினார்கள். டொலர் நாட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிட்டது. மார்ச் 7 அன்று பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360 ரூபாய்க்குப் போய்விட்டது. டொலரில் காசு வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது இலாபம் என்று கொழும்பில் இருந்த ஒரு உறவினர் போனில் சொன்னார். "டொலர் கொண்டுவர ஆள் வரவேணுமே அண்ணா" என்றேன்.

அந்த ஒரு பேச்சிலேயே முழு விஷயமும் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரர் வந்தால் டொலர் வரும். டொலர் வந்தால் எண்ணெய்க் கப்பலுக்குக் காசு கட்டலாம். எண்ணெய் இருந்தால் வேன் ஓடும், போட் ஓடும், கறன்ட் இருக்கும். அப்போதுதான் வெளிநாட்டுக்காரர் வருவார். கிணற்றுக் கப்பி மாதிரி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சுற்றுகிற விஷயம் இது. எங்கேயாவது ஓரிடத்தில் கயிறு அறுந்தால் வாளி அடியில்தான். கயிறு அறுந்தது மத்திய வங்கியில், வாளி விழுந்தது எங்கள் முற்றத்தில்.

இதில் வெளியூரில் உள்ளவர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. எங்கள் கடற்கரை வெள்ளைக்காரரை மட்டும் நம்பி இல்லை. கண்டி, குருநாகல், கொழும்பில் இருந்து வேன் பிடித்து வருகிற சிங்களக் குடும்பங்கள், போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு பஸ்ஸில் வருகிற பாடசாலைப் பிள்ளைகள், கோணேஸ்வரத்துக்கு வருகிற யாழ்ப்பாணத்துச் சனம், இவர்கள்தான் சோளம் விற்கிறவருக்கும் இளநீர்க்காரருக்கும் பிழைப்பு. வெளிநாட்டுக்காரர் எப்படியும் ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். வேனுக்கு டீசல் இல்லாத உள்ளூர்க்காரர் எப்படி வருவார்? பெற்றோல் விலை டிசம்பரில் 177 ரூபாய், மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470. அதுவும் கிடைத்தால்தான். ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்று இரண்டு கிழமைக்கு நிறுத்தியே விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நான் எண்ணிப் பார்த்தேன். மாடுகள் பதினொன்று, ஆட்கள் ஏழு பேர்.

தம்பி ஓட்டோ வைத்திருக்கிறான். ஜூனில் ஒரு தடவை அவன் பெற்றோல் செட் கியூவில் இரண்டு இரவும் இரண்டு பகலும் நின்றான். மாலையில் சாப்பாட்டுப் பார்சலும் போத்தலில் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். செட்டில் இருந்து வளைந்து வளைந்து வீதி ஓரமாக வண்டிகள். ஒவ்வொரு ஓட்டோவின் முன் கண்ணாடியிலும் சோக்கால் எழுதிய இலக்கம். தம்பிக்கு 214. வண்டிக்குள் கால் நீட்ட இடம் இல்லாமல் பின் சீட்டில் குறுகிப் படுத்திருந்தான். பக்கத்து வண்டி நானா, மூதூரில் இருந்து வந்தவர், வீதியில் சாக்கு விரித்துத் தொழுதுவிட்டு எழும்பினார். முன் வண்டியில் ஒரு சிங்கள ஐயா, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி போன் எடுத்துக்கொண்டு இருந்தார். நான் கொண்டுபோன இடியப்பத்தை மூன்று பேரும் பிரித்துச் சாப்பிட்டார்கள். "பவுசர் வருமாம்" என்று யாரோ சொன்னால் எல்லாரும் எழும்பி வண்டியைக் கையால் தள்ளி முன்னுக்கு எடுப்பார்கள். இஞ்சினைப் போட்டால் இருக்கிற பெற்றோலும் போய்விடும். மார்ச்சிலேயே இப்படி வரிசையில் நின்ற வயதானவர்கள் இரண்டு பேர் விழுந்து செத்தார்கள். பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

அந்தக் கியூவில் இருந்து சில மைல் தூரத்தில்தான் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை, 99 இரும்புத் தாங்கிகள், பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஒரு கடற்படைக்கே எண்ணெய் ஊற்றின ஊர் எங்களுடையது. என் தம்பிக்கு ஐந்து லீற்றர் கிடைக்க இரண்டு நாள்.

அந்த இரண்டு வரிக்காரர்களுக்கு வருகிறேன். நெதர்லாந்தில் இருந்து வந்தவர்கள். ஜூலை முதல் கிழமை, கொழும்பில் இருந்து இரவு ரயிலில் திருகோணமலை வந்து இறங்கினார்கள். ஓட்டோ இல்லை. தம்பி சைக்கிளோடு ஸ்டேஷனுக்குப் போய், அவர்களுடைய பைகளைக் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வர, அவர்கள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு பேர் முகமும் செக்கச் செவேல் என்று இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதல் வேலையாகப் பால் தேநீர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பால்மா 400 கிராம் பைக்கற் மார்ச்சிலேயே 790 ரூபாய்க்கு வந்து, பிறகு அதுவும் கடையில் இல்லை. அம்மா எலுமிச்சம் புல் போட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். சீனிக்குப் பதில் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. அந்தப் பெண் பனங்கட்டியைக் கடித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர்களுக்குப் புறாமலை பார்க்க ஆசை. நிலாவெளியில் எங்களோடு வழக்கமாகத் தொழில் செய்கிற போட்காரர் ஒருவரிடம் போனேன். எங்கள் பக்கத்துப் போட்டுகள் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாட்டு விலை அப்போது லீற்றர் 87 ரூபாய்தான், ஆனால் அந்த விலைக்குக் கண்ணால் காண ஏலாது. போட் கரையில் கவிழ்ந்து கிடந்தது, நண்டு குடியேறியிருந்தது. அவர் வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைக் கானைத் தூக்கிவந்து ஆட்டிக் காட்டினார். அடியில் கொஞ்சம் இருந்தது. "எட்டு லீற்றர் இருக்கு அக்கா. மகளுக்கு வயிற்றுவலி எண்டால் ஆஸ்பத்திரிக்குப் போக எண்டு வச்சிருக்கிறன். அவள் எட்டு மாசம்" என்றார். நான் வேண்டாம் என்று திரும்பினேன். அவர் கூப்பிட்டார். "புறாமலை கிட்டத்தானே. மூண்டு லீற்றருக்குள்ள போய் வந்திடலாம். ரெண்டு மாசமா வீட்டில காசு காணேல்ல."

போனார்கள். வந்தார்கள். ஆமை பார்த்ததாகவும் சுறாக் குட்டி பார்த்ததாகவும் அந்த மனிதர் கையை விரித்துக் காட்டினார். முழுத் தீவிலும் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தானாம். அது அவர்களுக்கு அதிர்ஷ்டம். போட்காரர் கேட்ட காசைப்போல இரண்டு மடங்கு அவர்கள் கொடுத்தார்கள். மகளுக்கு ஒரு மாதம் கழித்துச் சுகப்பிரசவம், நல்லவேளை பகல் நேரம்.

ஜூலை 9 அன்று அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். முழு நாட்டில் இருந்தும் சனம் ரயிலிலும் லொறியிலும் நடந்தும் கொழும்புக்குப் போய், ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தது. அம்மா, நான், தம்பி, அந்த இரண்டு பேர், எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். "நாங்கள் போய்விட வேண்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். வெளியே எங்கள் தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது, எதிர்வீட்டு ஆச்சி மிளகாய் காயவைத்துக்கொண்டு இருந்தார். அதைக் கையால் காட்டினேன். அதைவிட என்ன சொல்வது? அவர்கள் இன்னும் நான்கு நாள் இருந்தார்கள். 13 ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்கு ஓடின அன்று காலையில், தேங்காய்ச் சம்பலும் புட்டும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

அப்போது சுற்றுலாத் தொழிலில் இருந்த பலர் ஒரு கதை சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொன்ன போராட்டக்காரர்களால்தான் வெளிநாட்டுக்காரர் வராமல் போனார்கள், ரோட்டை மறித்துக் கலவரம் செய்து நாட்டின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று. இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மே 9 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்த போராட்டக்காரர்களை ஆளும் கட்சி ஆட்கள் அடித்ததும், அன்றிரவு நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்ததும், ஆட்கள் செத்ததும், ஊரடங்கு போட்டதும் உலகம் முழுக்கப் போனது. பிரிட்டன், அவசியம் இல்லாமல் இலங்கைக்குப் போகாதே என்று தன் ஆட்களுக்குச் சொன்னது. அரசாங்கம் அப்படிச் சொல்லிவிட்டால் அங்கே பயணக் காப்புறுதி செல்லாது. காப்புறுதி செல்லாத இடத்துக்குப் பிள்ளைகளோடு யார் வருவார்கள்? ஒகஸ்டில் இரண்டு அறைக்குப் பதிந்து வைத்திருந்த ஒரு ஆங்கிலக் குடும்பம் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டு எழுதி ரத்துச் செய்தது.

ஆனால் என் கொப்பி வேறு கதை சொல்கிறது. மார்ச் நடுப்பகுதியிலேயே ரத்துச் செய்தவர்கள் எழுதியதை நான் வைத்திருக்கிறேன். அப்போது காலிமுகத்திடலில் ஒரு கூடாரமும் இல்லை. எரிபொருள் இல்லையாமே, கறன்ட் இல்லையாமே, மருந்து இல்லையாமே என்றுதான் எழுதியிருந்தார்கள். வீட்டில் நெருப்புப் பிடித்த பிறகு கூக்குரல் போட்டவனைப் பார்த்து, உன் சத்தத்தால்தான் விருந்தாளி ஓடினார் என்று சொல்லலாமா? சனம் வீதிக்கு வந்திருக்காவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய்யை இன்னும் எத்தனை மாதம் இழுத்திருப்பார்கள்?

எங்கள் பக்கத்துச் சனம் அந்தப் போராட்டத்தில் பாய்ந்து இறங்கவில்லை என்பதும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 இல் இருந்து வீதியோரக் கொட்டிலில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அப்போது யாரும் வந்து நிற்கவில்லை. அந்த வலி இருந்தது. ஆனாலும் மே 18 அன்று காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த படத்தைப் போனில் பார்த்தபோது அம்மா போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். அதற்கு ஒரு கிழமை முன்னால்தான் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச கொழும்பில் இருந்து தப்பி, எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் வந்து ஒளிந்திருந்தார். வாசலில் சனம் கூடிக் கத்தியது. வருடக்கணக்காக நாங்கள் கிட்டப் போகவும் பயந்த வாசல் அது.

அந்தக் காலத்தில் எங்களைத் தூக்கி நிறுத்தியவர்களையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் கடன் வசதியில் வந்த டீசலும் அரிசியும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மே மாதம் சென்னையில் இருந்து தமிழ்நாடு அரசு அரிசி, பால்மா, மருந்து ஏற்றிக் கப்பல் அனுப்பியது. எங்கள் தெருவில் வருமானம் இல்லாத வீடுகளுக்கு அந்த அரிசி கிடைத்தது. போட்காரர் வீட்டுக்கும் கிடைத்தது.

ஒகஸ்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் கோட் வந்த பிறகு வரிசை குறைந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் தொழில் செய்ய ஏலாது, ஆனால் வீதியில் படுக்கத் தேவை இல்லை. அதே ஒகஸ்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாயில் இருந்து 340 ஆக்கினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வாயடைத்துப் போனார்கள். செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்னர் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் கூட. சாப்பாட்டுச் சாமான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை கறன்ட் பில்லில் இருக்கிறது. 2022 ஒகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணத்தை ஏற்றினார்கள். குளிரூட்டி உள்ள அறையை ஆறு மாதம் பூட்டி வைத்தேன்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். 2023 இல் கிட்டத்தட்ட 15 லட்சம், 2024 இல் 20 லட்சத்துக்கு மேல். எங்கள் கொப்பியிலும் பக்கம் புரள்கிறது. காப்பு இரண்டையும் போன வருடம் மீட்டுவிட்டேன். பின் முற்றத்து மண் அடுப்பை அம்மா இடிக்க விடவில்லை. கேஸ் சிலிண்டர் பாதியானதும் அடுத்ததை வாங்கி வைக்கச் சொல்கிறார். போட்காரர் வீட்டில் அந்த வெள்ளைக் கான் எப்போதும் நிறைந்து இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்.

ஒன்றுதான் திரும்பி வரவில்லை. எங்கள் குசினியில் ஆறு வருடம் வேலை செய்த பொடியன். மீன் குழம்பு அவன் வைத்தால் வெள்ளைக்காரரும் விரலைச் சூப்புவார்கள். 2022 இல் நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் கொடுத்தார்கள். அதில் ஒன்று அவனுடையது. வவுனியாவில் விடியும் முன்னரே வரிசையில் நின்று எடுத்தான். உலகக் கிண்ணப் பந்தாட்டத்துக்காக டோஹாவில் ஆள் எடுத்தார்கள், ஒரு பெரிய ஹோட்டல் குசினிக்குப் போனான். போகிற அன்று சம்பளப் பாக்கி முழுவதையும் என்னால் கொடுக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் தாயிடம் கொடுத்து முடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு போன் எடுத்தான்.

"ஆக்கள் வருகினமோ அக்கா?"

"வருகினம் தம்பி. நாலு அறையும் நிரம்பித்தான் இருக்கு."

"அப்ப நான் வரட்டோ?"

அவனுக்கு அங்கே கிடைக்கிற சம்பளம் எனக்குத் தெரியும். அதில் மாதாமாதம் எவ்வளவு தங்கையின் படிப்புக்கு வருகிறது என்பதும் தெரியும். அம்மா பக்கத்தில் நின்று, வரச்சொல், வரச்சொல் என்று கையைக் காட்டினார். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.